இனிமே வர்றவங்களுக்குத்தானே?

2023 மார்ச் 24, வெள்ளிக்கிழமை. அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வு முடிவு வெளியான நாள். தேர்வு எழுதி எட்டு மாதம் ஆகியிருந்தது. முடிவைப் பார்த்த என் மகள் கைபேசியைச் சாப்பாட்டு மேசைமேல் கவிழ்த்து வைத்தாள். "கிடைக்காதுப்பா" என்றாள். மொத்தத் தரவரிசையில் முப்பதாயிரத்துச் சொச்சம். அதற்குமேல் ஒன்றும் சொல்லாமல் தட்டில் இருந்த தோசையைப் பிய்த்துப் பிய்த்து வைத்துக்கொண்டிருந்தாள்.

நான் பேசாமல் இருந்திருக்க வேண்டும். முப்பத்தெட்டு வருடம் அரசு அலுவலகத்தில் கோப்பு பார்த்தவன் நான். எந்தக் கடிதத்துக்குப் பதில் எழுத வேண்டும், எதை அப்படியே அடுக்கில் வைக்க வேண்டும் என்று தெரிந்தவன். அன்றைக்கு அந்தப் புத்தி வேலை செய்யவில்லை.

"நாங்கல்லாம் தெருவிளக்குல படிச்சு வேல வாங்குனோம்மா. உனக்கு ஃபேன் இருக்கு, போன் இருக்கு, வேளாவேளைக்குச் சாப்பாடு இருக்கு. இதுக்கு மேல என்னதான் வேணும்? ஒங்க தலைமுறைக்கே கஷ்டம்னா என்னன்னு தெரியாது."

அவள் அழவில்லை. நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்க 2020-லயே ரிட்டயர் ஆகியிருக்கணும்ப்பா. ரெண்டு வருஷம் கூட இருந்தீங்க. ஒங்க வயசுல எல்லாரும் கூட இருந்தாங்க. அந்த ரெண்டு வருஷமும் நான் அந்த ரூம்ல உக்காந்து படிச்சுக்கிட்டு இருந்தேன். எதுக்குன்னு நெனச்சீங்க? ஒங்க சீட் மாதிரி ஒரு சீட் காலியாகட்டும்னுதான்."

தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். என் மனைவி என்னையே பார்த்தாள். "தேவையா இது?" என்று கேட்டுவிட்டு அவளும் உள்ளே போய்விட்டாள்.

அறுபது வயதில் ஒருவன் தன்னைப் பற்றித் தெரிந்துகொள்ள இன்னும் பாக்கி இருக்கிறது என்பதை அந்த இரவுதான் எனக்குக் காட்டியது. அதை எழுதி வைக்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

*

அவள் சொன்னது உண்மை. நான் பிறந்தது 1962 ஜூன். தமிழ்நாட்டு அரசு ஊழியருக்கு ஓய்வு வயது அப்போது 58. 2020 ஜூன் 30 அன்று நான் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். பிரிவு உபசார விழாவுக்கு யார் யாரைக் கூப்பிடுவது என்று பட்டியல்கூடப் போட்டிருந்தேன். அந்த மே மாதம் கொரோனா நடுவில் ஓய்வு வயதை 59 ஆக்கி ஆணை வந்தது. மறு வருடம் பிப்ரவரியில் அது 60 ஆயிற்று. நான் 2022 ஜூன் கடைசியில்தான் மேசையைக் காலி செய்தேன்.

என் மகள் பொறியியல் படித்தவள். 2018-இல் முடித்து, சென்னையில் ஒரு நிறுவனத்தில் சேர்ந்தாள். நிறுவனத்தில் என்று நாங்கள் ஊரில் சொல்லிக்கொண்டோம். உண்மையில் அந்த நிறுவனத்துக்கு ஆள் அனுப்பும் வேறொரு நிறுவனத்தின் பேரோலில்தான் இருந்தாள். சம்பளம் 14,000. விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் போக, படிப்புக் கடனுக்குத் தவணை கட்டினால் கையில் ஒன்றும் நிற்காது. 2020 மே கடைசியில் ஒரு தொலைபேசி அழைப்பில் வேலை போயிற்று. ஜூன் முதல் வாரம் இ-பாஸ் வாங்கி, இரண்டு பெட்டியும் ஒரு தலையணையுமாக மதுரைக்கு வந்து இறங்கினாள். அந்த மாதம் 24-ஆம் தேதி மதுரையில் மறுபடி முழு ஊரடங்கு வந்தது.

அந்த ஒரே மே மாதம். அப்பாவுக்கு வேலை நீண்ட மாதமும் மகளுக்கு வேலை போன மாதமும் ஒன்றுதான். ஒரே வீட்டில் உட்கார்ந்து இரண்டையும் பார்த்தேன். இரண்டுக்கும் நடுவே ஏதாவது தொடர்பு இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

2022 ஜூலை 24, ஞாயிற்றுக்கிழமை, அவளை வண்டியில் தேர்வு மையத்துக்குக் கூட்டிப் போனேன். ஒன்பது மணிக்குமேல் வந்தால் உள்ளே விடமாட்டார்கள் என்பதால் ஏழரைக்கே கிளம்பினோம். பள்ளி வாசலில் அத்தனை கூட்டம். இடுப்பில் கைக்குழந்தையோடு ஒரு பெண். குழந்தையை வாங்கிக்கொள்ளக் காத்திருக்கும் அவள் மாமியார். நரை விழுந்த ஓர் ஆண். அறிவிக்கப்பட்டிருந்த இடங்கள் 7,301. விண்ணப்பித்தவர்கள் ஏறக்குறைய 22 லட்சம் பேர். தேர்வுக் கூடத்துக்கு வந்தவர்கள் 18 லட்சத்துக்கும் மேல். பிறகு இடங்கள் பத்தாயிரத்தைத் தாண்டக் கூட்டப்பட்டன. அப்போதும் என் மகளுக்கு எட்டவில்லை.

பதினெட்டு லட்சத்தில் முப்பதாயிரம் என்றால் நூறு பேரை வரிசையில் நிறுத்தினால் முதல் இரண்டு பேருக்குள் அவள் வருகிறாள். நூற்றில் இரண்டாவதாக நிற்கும் பிள்ளையைப் பார்த்துத்தான் கஷ்டம் தெரியாதவள் என்று சொல்லியிருக்கிறேன்.

*

முடிவு வந்த அன்று இரவு தூக்கம் வரவில்லை. பீரோவுக்கு மேலே இருந்த தகரப் பெட்டியை இறக்கினேன். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து வரவு செலவு எழுதி வைத்த நோட்டுகள் அதில் இருக்கின்றன. இருபத்திரண்டு வயதில் தொடங்கிய பழக்கம். நான் எவ்வளவு கஷ்டப்பட்டேன் என்பதற்கு அந்த நோட்டுகள்தான் சாட்சி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எடுத்துப் பார்த்தால் அவை வேறு கதை சொல்லின.

முதலில் அந்தத் தெருவிளக்கு. அது பொய். ஆரப்பாளையத்தில் நாங்கள் குடியிருந்த ஒற்றை அறையில் நாற்பது வாட்ஸ் பல்பு ஒன்று இருந்தது. தம்பி தங்கைகள் தூங்குவதற்காக அதை அணைத்த சில இரவுகளில் வாசலில் உட்கார்ந்து படித்தேன். சில இரவுகள். வருடங்கள் போகப் போக அது "தெருவிளக்குல படிச்சேன்" ஆகிவிட்டது. பொய் சொல்கிறோம் என்று தெரியாமலே சொல்லியிருக்கிறேன்.

1984 ஜூனில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தேன். கையில் வாங்கிய சம்பளம் எழுநூறு ரூபாய்ச் சொச்சம். வீட்டுக்கு ஐந்நூறு கொடுத்துவிட்டு மீதியில் மாதத்தை ஓட்டினேன். செருப்புக்குப் புது வார் போட்டதுகூட நோட்டில் இருக்கிறது. கஷ்டம் இருந்தது, அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் நோட்டின் எல்லாப் பக்கங்களிலும் ஒன்று மாறாமல் இருந்தது. மாதக் கடைசி வேலை நாளில் சம்பளம் வரவு. ஒரு மாதம்கூட, அடுத்த மாதம் வரவு இருக்குமா என்ற கேள்வியோடு நான் பக்கத்தைத் திருப்பியதில்லை. 2003 ஜூலை தவிர. அதைப் பிறகு சொல்கிறேன்.

1991-இல் ஒத்தக்கடைப் பக்கம் மூன்று செண்டு மனை வாங்கினேன். செண்டு ஐயாயிரம், மொத்தம் 15,000. அப்போது என் சம்பளம் 1,900. எட்டு மாதச் சம்பளம். 1996-இல் அரசு கொடுத்த வீடு கட்டும் முன்பணத்தில் இரண்டு அறையும் ஒரு கூடமும் எழுப்பினேன். சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள், கடன் அடைந்ததே தெரியவில்லை. மேலூர் சாலையில் அப்போது எங்கள் வீட்டுக்கு அந்தப் பக்கம் வயல்தான். 2004 ஜூலையில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அங்கே வந்தது. வக்கீல்கள் வந்தார்கள், அடுக்குமாடிகள் வந்தன, உணவகங்கள் வந்தன. நான் ஒரு செங்கல்கூட எடுத்து வைக்காமல் என் மனையின் விலை ஏறியது. இன்று அதே தெருவில் செண்டு எட்டு லட்சம் என்கிறார் தரகர்.

என் மகள் இப்போது வாங்கும் சம்பளம் 18,000. மூன்று செண்டு வாங்க அவளுக்கு இருபத்து நான்கு லட்சம் வேண்டும். ஒரு பைசா செலவழிக்காமல் முழுச் சம்பளத்தையும் சேர்த்தால் பதினோரு வருடம். எனக்கு எட்டு மாதம். அவளுக்குப் பதினோரு வருடம்.

அவள் மாதம் இரண்டு மூன்று தடவை வெளியிலிருந்து பிரியாணியோ காபியோ வரவழைப்பாள். அறுநூறு ரூபாய் ஆகும். "இப்படிச் செலவழிச்சா எப்படிம்மா வீடு வாங்குவ?" என்று எத்தனை முறை கேட்டிருப்பேன். அதையும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மாதம் அறுநூறு, பதினோரு வருடம்: 79,200 ரூபாய். எங்கள் தெருவில் ஒரு செண்டில் பத்தில் ஒரு பங்குகூட வராது. நாற்பத்து மூன்று சதுர அடி. ஒரு கட்டில் போட்டால் சுற்றி நடக்க இடமிருக்காது. அந்தக் கட்டிலளவு நிலத்துக்காகப் பதினோரு வருடம் ஒரு பெண்ணை அவளுக்குப் பிடித்ததைத் தின்னவிடாமல் ஏசியிருப்பேன்.

*

இனி 2003.

அந்த ஜூலை மாதம் தமிழ்நாட்டில் அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் வேலைநிறுத்தம் செய்தோம். குறைக்கப்பட்ட ஓய்வூதியப் பயன்களைத் திரும்பக் கேட்டது அந்தப் போராட்டம். சுமார் 1.7 லட்சம் பேர் பணிநீக்கம் செய்யப்பட்டோம். அதில் நானும் ஒருவன். பத்தொன்பது வருட வேலை ஒரே நாளில் போயிற்று. என் மனைவி கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தாள். அடகு வைத்து அரிசி வாங்கினேன். தெருவில் நடக்கும்போது மளிகைக் கடைக்காரர் பார்த்துவிடக் கூடாது என்று எதிர்ச் சாரியில் போனேன். விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. மன்னிப்பும் உறுதிமொழியும் எழுதிக் கொடுத்து, அந்த மாதக் கடைசியில் பெரும்பாலோர் திரும்ப வேலையில் சேர்ந்தோம். நானும் எழுதிக் கொடுத்தேன். அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்யும் உரிமை இல்லை என்று அந்த ஆகஸ்ட் 6-ஆம் தேதி தீர்ப்பு வந்தது.

என் வாழ்க்கையில் மிகப் பெரிய அடி அது. அந்தக் காயத்தை வைத்துத்தான் பிறகு வந்த எல்லாரையும் அளந்தேன்.

அதே ஆண்டில்தான் இன்னொன்றும் நடந்தது. 2003 ஏப்ரல் 1-ஆம் தேதியோ அதற்குப் பிறகோ பணியில் சேர்பவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் கிடையாது என்று ஆணை வந்தது. பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம்தான். அவர்கள் அடிப்படைச் சம்பளத்திலும் அகவிலைப்படியிலும் பத்து சதவீதம் பிடித்தார்கள். அரசும் அதே அளவு போட்டது. கடைசிச் சம்பளத்தில் பாதி ஆயுள் முழுக்க வரும் என்ற எங்கள் உறுதி அந்த ஆணையில் அவர்களுக்கு இல்லை. எங்களுக்கு இருந்த பொது வருங்கால வைப்பு நிதியும் இல்லை.

அந்த விவரம் அலுவலகத்துக்கு வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தேநீர் இடைவேளை. நாலைந்து பேர் ஆணையைச் சுற்றி நின்றோம். ஒருவர் வாசித்தார். எல்லோருக்கும் ஒரே கேள்விதான்: நமக்கு இது வருமா? வாசித்தவர் மறுபடி ஒருமுறை தேதியைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். அப்போது நான் சொன்னேன்:

"அட, இனிமே வர்றவங்களுக்குத்தானே?"

எல்லோருடைய முகமும் தெளிந்தது. டீ குடிக்கப் போனோம்.

அவ்வளவுதான். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அடிபட்டுத் திரும்பி வந்த மனிதர்கள் நாங்கள். எங்கள் தலைக்கு வரவில்லை என்ற நிம்மதி. பிறகு சங்கக் கூட்டங்களில் பங்களிப்பு ஓய்வூதியத்தை ஒழிக்க வேண்டும் என்ற தீர்மானத்துக்குக் கை தூக்கியிருக்கிறேன். ஆனால் என் அகவிலைப்படிக்காகக் குரல் கொடுத்த அளவுக்கு அதற்குக் குரல் கொடுத்தேன் என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்ல முடியாது. அது பட்டியலில் எட்டாவது, ஒன்பதாவது கோரிக்கையாக இருந்தது. "இனிமே வர்றவங்க" என்று நான் சொன்ன அந்த வருடம் என் மகளுக்கு ஆறு வயது. ஒன்றாம் வகுப்பு. வருகிறவள் என் வீட்டிலேயே சிலேட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

2021-இலும் அதே வாசகம்தான். ஓய்வு வயது இரண்டாவது தடவை நீண்டபோது, புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு இடம் அடைபடுமே என்று இளைய ஊழியர் ஒருவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். "அவங்களுக்கு வயசு இருக்குப்பா, மெதுவா வருவாங்க" என்றேன். அன்றைக்கும் வருகிறவள் என் வீட்டில்தான் இருந்தாள். பொது அறிவுப் புத்தகத்தில் கோடு போட்டுக்கொண்டு. அதே ஆண்டு, தேர்வுகள் தள்ளிப்போனதற்காக அரசு வேலைக்கான உச்ச வயது வரம்பை இரண்டு வருடம் கூட்டினார்கள். அதைப் படித்துவிட்டு "பாத்தியா, ஒங்களுக்கும் ரெண்டு வருஷம்" என்று அவளிடம் சொன்னேன். எனக்குக் கிடைத்தது இரண்டு வருடச் சம்பளம். அவளுக்குக் கிடைத்தது இரண்டு வருடக் காத்திருப்பு. இரண்டையும் ஒன்றாக வைத்துப் பேசினேன்.

*

என் அப்பா பஞ்சாலைத் தொழிலாளி. மூன்று ஷிஃப்ட். மில் சங்கு ஊதினால் எங்கள் வீட்டில் கடிகாரம் பார்க்க வேண்டியதில்லை. வேலை முடிந்து வந்தால் புருவத்தில், காது மடலில் எல்லாம் பஞ்சு ஒட்டியிருக்கும். ராத்திரி முழுக்க இருமுவார். எனக்கு வேலை கிடைத்த அன்று அவர் சொன்ன ஒரு வார்த்தை: "நீயாச்சும் ஃபேனுக்குக் கீழ உக்காருவடா." நான் முதன்முதலில் கைக்கடிகாரம் வாங்கிக் கட்டியபோது திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்லாருக்கு" என்றார். தான் பட்டது மகன் படவில்லையே என்று அவர் ஒருநாளும் குறைபட்டதில்லை. படக் கூடாது என்பதற்காகத்தான் அவர் பட்டார்.

அந்த மனிதரின் மகன் நான், என் பிள்ளையிடம் "உனக்கு ஃபேன் இருக்கு" என்று சொல்லிக் காட்டினேன். அப்பா எந்த ஃபேனை எனக்கு ஆசீர்வாதமாகச் சொன்னாரோ, அதையே என் மகளுக்குக் குற்றமாக்கினேன். இரவு மூன்று மணிக்கு நோட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தபோது இதுதான் என்னை உடைத்தது.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் காலம் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. என்னோடு கல்லூரியில் படித்தவர்களில் மாதச் சம்பள வேலைக்குப் போனவர்கள் கொஞ்சம் பேர்தான். மில் மூடி நடுத்தெருவுக்கு வந்தவர்கள் உண்டு. வளைகுடாவுக்குப் போய் முதுகு ஒடிந்து திரும்பியவர்கள் உண்டு. எங்களுக்குக் கிடைத்தது எல்லோருக்கும் கிடைக்கவில்லை. அதனால்தான் கிடைத்த நாங்கள் அதை எங்கள் உழைப்பின் கூலி என்றே நம்பிவிட்டோம். உழைத்தோம், உண்மை. உழைத்தவனுக்குக் கீழே ஒரு படி இருந்தது, கால் வைக்க முடிந்தது என்பதும் உண்மை. இரண்டாவது உண்மையை நாங்கள் பிள்ளைகளிடம் சொல்வதே இல்லை.

*

மறுநாள் மகளிடம் மன்னிப்புக் கேட்டேன். எப்படிக் கேட்பது என்று தெரியாமல் நோட்டை எடுத்துக் காட்டினேன். 1991 பக்கத்தை, 2003 பக்கத்தை. ஜூலை மாதத்தில் "சம்பளம் – இல்லை" என்று எழுதியிருந்ததை அவள் விரலால் தொட்டுப் பார்த்தாள். அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போனது அவளுக்குத் தெரியாது. அப்பா மூன்று வாரம் வீட்டில் இருந்தார், தினமும் தன்னைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டார் என்பதுதான் அவளுக்கு நினைவு. அது அவளுக்குச் சந்தோஷமான நினைவு.

"இதெல்லாம் நீங்க சொன்னதே இல்லையேப்பா. கஷ்டப்பட்டேன், கஷ்டப்பட்டேன்னு சொல்லுவீங்க. என்ன கஷ்டம்னு சொன்னதில்ல" என்றாள்.

உண்மைதான். என் கஷ்டத்தை அவளுக்குக் கதையாகச் சொல்லியிருந்தால் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கேட்டிருப்பாள். நான் அதை அடிக்கோலாக வைத்து அவளை அளந்தேன். அவள் எட்டிப் போனாள்.

பிறகு நான் கேட்டேன். கேட்டிருக்க வேண்டிய கேள்வி, இருபத்தைந்து வருடத்தில் முதல் தடவை. "உனக்கு என்னம்மா வேணும்? எப்படி இருந்தா நல்லா இருக்கேன்னு நெனப்ப?"

அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"பெருசா ஒண்ணும் இல்லப்பா. ஒண்ணாந்தேதி சம்பளம் வரணும். அடுத்த மாசமும் வரும்னு தெரியணும். சாயங்காலம் ஏழு மணிக்கு மேல யாரும் போன் பண்ணி வேல சொல்லக் கூடாது. கடன் முடியணும். ஒரு சின்ன வீடு, வாடகைன்னாலும் பரவாயில்ல, வருஷா வருஷம் காலி பண்ணச் சொல்லாத வீடு. கல்யாணம் பண்ணிக்கிட்டாலும் பண்ணிக்கிடலைன்னாலும் என் செலவுக்கு யார்கிட்டயும் நிக்கக் கூடாது. அம்மாவ ஒரு தடவ ரயில்ல எங்கயாச்சும் கூட்டிட்டுப் போகணும்."

நான் பட்டியலை மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன். ஆகாயத்தில் கோட்டை எதுவும் அதில் இல்லை. அதில் முக்கால்வாசி எனக்கு இருபத்தாறு வயதில் இருந்தது. நான் அதை ஆசை என்றுகூட நினைத்ததில்லை; வாழ்க்கை என்று நினைத்தேன். எனக்கு வாழ்க்கையாக இருந்தது அவளுக்குக் கனவாக இருக்கிறது.

*

அந்த 2023 ஜூலையில் மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறந்தார்கள். புது நத்தம் சாலையில் பெரிய கட்டடம். மகள் அங்கே படிக்கப் போவாள். ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டை வீட்டில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். டப்பாவை எடுத்துக்கொண்டு போனேன்.

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பகுதியில் காலி நாற்காலியே இல்லை. நெரிசலான இடத்தில் அவ்வளவு அமைதியை நான் பார்த்ததில்லை. காதில் பஞ்சு வைத்துக்கொண்டு படிக்கும் ஒரு பையன். பக்கத்தில் ஒரு பெண், காலையிலேயே வேறெங்கோ வேலை பார்த்துவிட்டு வந்திருப்பாள் போலிருக்கிறது, கடைச் சீருடையை மாற்றாமலே உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் பாட்டில், கறுப்பு மைப் பேனா, அடிக்கோடிட்டுக் கிழிந்துபோன ஆறாம் வகுப்புச் சமூக அறிவியல் புத்தகம். பட்டதாரிகள், பொறியாளர்கள். பத்தாம் வகுப்புத் தகுதி கேட்கும் ஒரு வேலைக்காக மறுபடி ஆறாம் வகுப்பிலிருந்து படிக்கிறார்கள்.

இந்தப் பிள்ளைகளைத்தான் சோம்பேறிகள் என்றும், போனைத் தவிர வேறு உலகம் இல்லாதவர்கள் என்றும் காலை நடைப்பயிற்சியில் நாங்கள் பேசிக்கொண்டு போகிறோம். நான் அந்தக் கூடத்தில் சாப்பாட்டு டப்பாவோடு நின்றேன். என் பணிக்காலத்தில் இவ்வளவு ஊக்கமாக உழைக்கும் ஒரு கூடத்தை எந்த அலுவலகத்திலும் நான் பார்த்ததில்லை. இவர்களுக்கு யாரும் சம்பளம் கொடுக்கவில்லை. இடமும் கொடுப்பதாக வாக்களிக்கவில்லை. ஒரு வாய்ப்பு வரும் என்ற நம்பிக்கையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

*

அந்த மாதமே மகளுடைய படிப்புக் கடனில் மீதியிருந்த 1,86,000 ரூபாயை வங்கியில் கட்டினேன். எனக்கு வந்த பணிக்கொடையிலிருந்து. அவள் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "இது ஒங்க பணம்ப்பா, வயசான காலத்துக்கு வச்சுக்கங்க. நான் கட்டிக்கிடுவேன்" என்றாள். "இது நான் குடுக்குற பணம் இல்லம்மா, குடுக்க வேண்டிய பாக்கி" என்றேன். இரண்டு வருடம் கூடுதலாக வாங்கிய சம்பளத்தில் ஒரு சிறு பங்குதான் அது.

இப்படி எல்லா வீட்டிலும் அடைக்க முடியாது என்று எனக்குத் தெரியும். பணிக்கொடை வாங்காத அப்பாக்கள்தான் இந்த நாட்டில் அதிகம். ஒரு தலைமுறைக்கு வெட்டப்பட்ட படியை ஒரு அப்பா தன் பையிலிருந்து கட்ட முடியாது. அதைப் பொதுவில்தான் கட்ட வேண்டும். காலிப் பணியிடத்தை நிரப்புவது, ஒப்பந்தப் பெயரில் ஆண்டுக்கணக்கில் வேலை வாங்கிவிட்டு ஒரு போனில் அனுப்புவதைத் தடுப்பது, படித்தவன் தலையில் இருபத்திரண்டு வயதிலேயே கடனை ஏற்றாத கல்வி. இதையெல்லாம் கேட்க வேண்டியவர்கள் இளைஞர்கள் மட்டும்தான் என்று நாம் ஒதுங்கி நிற்கக் கூடாது. கூட்டம் கூடவும் மனு எழுதவும் அதிகாரியைப் பார்க்கவும் தெரிந்தவர்கள் நாம். நேரமும் நம்மிடம்தான் இருக்கிறது.

சென்ற வருடம் ஓய்வூதியர் கூட்டம் ஒன்றில் எழுந்து இதைச் சொன்னேன். நம் கோரிக்கைப் பட்டியலில் முதல் வரி காலிப் பணியிடங்களை நிரப்புவதாக இருக்கட்டும், நம் மருத்துவப்படி இரண்டாவதாக வரட்டும் என்றேன். சிலர் கை தட்டினார்கள். பின்வரிசையில் ஒருவர், "அது அவங்க பாடு சார், நம்ம காலம் முடிஞ்சுபோச்சு" என்றார். அவரைக் கோபித்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. இருபது வருடம் முன்னால் தேநீர் இடைவேளையில் நான் சொன்னதை அவர் வேறு வார்த்தையில் சொன்னார். தீர்மானம் நான் கேட்ட மாதிரி முதல் வரியில் வரவில்லை, மூன்றாவதாக வந்தது. அடுத்த கூட்டத்திலும் கேட்பேன்.

மகள் இப்போது மதுரையிலேயே ஒரு தனியார் அலுவலகத்தில் இருக்கிறாள். அந்த 18,000 ரூபாய் வேலைதான். தேர்வு அறிவிப்பு வந்தால் எழுதுகிறாள். 2024 ஜூன் குரூப் 4-க்கு முதலில் அறிவிக்கப்பட்ட இடங்கள் 6,244. விண்ணப்பங்கள் மறுபடி இருபது லட்சத்துக்கும் மேல். அதிலும் கிடைக்கவில்லை. முடிவு வந்த அன்றைக்கு இரவு நான் அவளுக்குத் தோசை வார்த்துப் போட்டேன். வேறு எதுவும் பேசவில்லை.

என் வயதுக்காரர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். எந்த ஆணையாக இருந்தாலும், எந்த ஒப்பந்தமாக இருந்தாலும், வீட்டில் எடுக்கும் எந்த முடிவாக இருந்தாலும், "இனிமே வர்றவங்களுக்குத்தானே" என்று வாயில் வந்தால் அப்படியே நிறுத்துங்கள். நிறுத்திவிட்டு வீட்டுக்குள் பக்கத்து அறையை ஒருமுறை எட்டிப் பாருங்கள். வருகிறவர்கள் அங்கேதான் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறார்கள்.